காரின் கூரையும் 50 ஹெர்ட்ஸும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

"நீங்க வர்றது கேட் சத்தத்துல தெரியாது தம்பி. எங்க வீட்டு தட்டு ஸ்டாண்டுதான் முதல்ல சொல்லும்."

கீழ்வீட்டு டீச்சரம்மா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்கள் அடுக்ககத்தில் தரைத்தளம் கார் பார்க்கிங். அதை ஒட்டி ஒரே ஒரு வீடு, அவருடையது. நான் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவன். இரவு பதினொன்றரைக்கு வண்டியை உள்ளே விடுவேன். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு முடியட்டும் என்று இரண்டு மூன்று நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். இளையராஜா பாட்டில் பேஸ் கிதார் போய்க்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்துவது பாவம் என்று எனக்கு ஒரு கொள்கை.

"சாருக்கு பைபாஸ் ஆனதுலேர்ந்து தூக்கம் பிடிக்கிறதே பதினொரு மணிக்குத்தான்" என்று அதே சிரிப்போடு சேர்த்துச் சொன்னார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது, இவ்வளவு நேரம் அவர் சொன்னது புகார் என்று.

வண்டி செகண்ட் ஹேண்ட். முன்பு வைத்திருந்த பையன் டிக்கியில் 12 அங்குல சப்வூஃபரும் அதற்கு ஒரு ஆம்ப்ளிஃபையரும் போட்டிருந்தான். அதைக் கழற்ற மனசு வரவில்லை. உள்ளே கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வண்டி முழுக்க ஆடும். நம்பர் பிளேட் சர்ர்ர் என்று அடிக்கும், பின்கண்ணாடி அதிரும், உள் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி நான்கு வண்டியாகத் தெரியும். இதைச் சரிசெய்துவிட்டால் டீச்சரம்மாவின் தட்டும் அடங்கிவிடும் என்று நம்பிக்கொண்டு கிளம்பினேன். வழக்கம்போல ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் படிக்க உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதம் போனது. அப்போது எடுத்த குறிப்புகள்தான் இவை. நான் ஒலியியல் படித்தவன் அல்ல, பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். கணக்குகளை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் சுமார் 7 மீட்டர். சின்ன கார் ஒன்றின் உள்நீளம் 2.5 மீட்டர்கூட வராது. அதாவது அந்த அலை காருக்குள் அடங்காது. அலை ஓடுவதற்குப் பதிலாக, காருக்குள் இருக்கும் மொத்தக் காற்றும் ஒரே சமயத்தில் அழுந்தி, ஒரே சமயத்தில் தளர்கிறது, நொடிக்கு 50 முறை. சைக்கிள் பம்பின் வாயை அடைத்துவிட்டுக் கைப்பிடியை அடிப்பது போல. இதனால்தான் வீட்டில் சுமாராகக் கேட்கும் அதே ஸ்பீக்கர் காருக்குள் நெஞ்சை இடிக்கிறது. இதனால்தான் கூரையும் கதவும் கண்ணாடியும் சேர்ந்து வாங்கிக்கட்டிக்கொள்கின்றன. 120 டெசிபெல் என்பது 20 பாஸ்கல் அழுத்தம். கூரை 2 சதுர மீட்டர் என்று வைத்தால் 40 நியூட்டன், ஏறக்குறைய 4 கிலோ எடை. 140 டெசிபெல் என்றால் 40 கிலோ. 0.8 மில்லிமீட்டர் தகட்டின் மேல் ஒரு பள்ளிக்கூடப் பையனை நொடிக்கு 50 முறை ஏற்றி இறக்கினால் அது ஆடாமல் என்ன செய்யும்?

அந்தத் தகடு அங்கே வந்ததே ஒரு தனிக் கதை.

1930-இல் சிகாகோவைச் சேர்ந்த பால் கால்வினின் நிறுவனம் கார்களுக்கான ரேடியோ ஒன்றைச் செய்தது. மாடல் 5டி71, வைத்த பெயர் மோட்டோரோலா. அன்றைய கார்களின் கூரையின் நடுப்பகுதி பெரும்பாலும் இரும்பு அல்ல. மரச்சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய, நீர் புகாத துணி. ரேடியோவுக்கு ஏரியல் வேண்டும் என்றால் அந்தத் துணிக்கு அடியில் கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பிவலையை விரித்துவிடுவார்கள். வேலை முடிந்தது. கூரை துணியாகவே இருந்ததற்குக் காரணம், அவ்வளவு அகலமான எஃகுத் தகட்டை உருட்டி எடுக்க வசதி இல்லாததுதான். கூடவே, அவ்வளவு பெரிய தகடு முரசு மாதிரி அதிருமே என்ற தயக்கமும் இருந்தது.

அகலத் தகடு உருட்டும் ஆலைகள் வந்ததும் ஜெனரல் மோட்டார்ஸ் 1935 மாடல்களில் ஒரே துண்டு எஃகுக் கூரையைக் கொண்டுவந்தது. 'டரட் டாப்' என்று பெயர். சில வருடங்களில் மற்றவர்களும் அந்த வழிக்கு வந்துவிட்டார்கள். ரேடியோக்காரர்களுக்கு உடனே தலைவலி. இரும்புக்கு அடியில் ஏரியல் வேலை செய்யாது. ஏறுபடிக்கு அடியில் கட்டிப்பார்த்தார்கள், கடைசியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி ஏரியல் வந்தது. நம் அம்பாசடரில் பார்த்தோமே, அதன் தாத்தா.

இன்னொரு தலைவலி அதிர்வு. அந்தக் காலத்தில் அது பாட்டால் வந்த அதிர்வு அல்ல. எஞ்சினும் சாலையும் சேர்ந்து கூரையைத் தட்டின. தாரில் ஊறிய கம்பளியை உள்பக்கம் ஒட்டினார்கள். ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்து ஒட்டவில்லை. ஒட்டினால் சத்தம் குறைகிறது, ஒட்டினார்கள்.

தகட்டின் அதிர்வைக் கண்ணால் பார்க்க முடியும் என்பது அதற்கும் 150 வருடத்துக்கு முந்தைய கண்டுபிடிப்பு. ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் கிளாட்னி 1787-இல் வெளியிட்ட புத்தகத்தில், உலோகத் தகட்டில் மணலைத் தூவி விளிம்பில் வயலின் வில்லை இழுத்தால் மணல் கோலம் போடுவதைப் படங்களாகக் காட்டினார். தகடு ஆடாத இடங்களில் மணல் போய்ச் சேர்ந்துகொள்ளும். நெப்போலியனுக்கு இதைச் செய்துகாட்டினார். அவர் அசந்துபோய், இதற்குக் கணிதம் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று அறிவிக்கச் செய்தார். மூன்றாவது முயற்சியில் 1816-இல் அந்தப் பரிசை வாங்கியவர் சோஃபி ஜெர்மைன். பெண் என்பதால் கல்லூரிக்குள் விடாத காலத்தில் தானாகவே கணிதம் படித்தவர். தனிக் கட்டுரைக்கு உரிய ஆள், இன்னொரு நாள் எழுதுகிறேன்.

தார்க் கம்பளி ஏன் வேலை செய்கிறது என்பதற்குச் சரியான விடை 1952-இல்தான் கிடைத்தது. ஹெர்மன் ஓபெர்ஸ்ட் என்ற ஜெர்மன் ஆய்வாளர், மெல்லிய தகட்டின் மேல் இறுக ஒட்டிய பூச்சு அதன் வளைவு அதிர்வை எப்படித் தணிக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். தகடு வளையும்போது மேலே ஒட்டியிருக்கும் பூச்சு இழுபட்டுச் சுருங்குகிறது. அந்த இழுபறியில் அதிர்வின் ஆற்றல் வெப்பமாகிப் போய்விடுகிறது. சும்மா கனத்தை ஏற்றினால் போதாது. பூச்சின் விறைப்பும் தடிமனும்தான் முக்கியம். இன்றைக்கும் கார் கம்பெனிகளின் சோதனைச்சாலைகளில் ஒரு இரும்புப் பட்டையில் பொருளை ஒட்டி ஆட்டிப்பார்க்கும் சோதனைக்கு 'ஓபெர்ஸ்ட் பார்' என்றுதான் பெயர்.

அடுத்த பெரிய அடி 1959-இல், அமெரிக்காவில். எட்வர்ட் கெர்வின் என்பவர், அந்தப் பிசுபிசுப்பான பூச்சின் மேல் இன்னொரு மெல்லிய உலோகத்தாளை ஒட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டார். ஒரு நோட்டுப் புத்தகத்தை வளைத்துப் பாருங்கள். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். இப்போது தாள்களுக்கு நடுவில் பாகு தடவியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வழுக்க முயலும், பாகு விடாது. வளைக்கச் செலவிட்ட சக்தி பாகில் போய்விடும். இன்று ஜி.பி. ரோட்டில் டேம்பிங் ஷீட் என்று விற்கிறார்களே, பின்னால் கறுப்பு பியூட்டைல் ரப்பர், முன்னால் அலுமினியத்தாள்? அந்த அலுமினியம் அழகுக்கோ வெயிலுக்கோ மட்டும் இல்லை. அது கெர்வினின் மேல் தாள். ஆனால் கெர்வின் பாட்டு கேட்பவர்களுக்காக இதைச் செய்யவில்லை. விமானத்தையும் நீர்மூழ்கியையும் அமைதியாக்க வேண்டியிருந்த காலம் அது.

இங்கே என் தொழில் சம்பந்தப்பட்ட ஒரு செய்தி. கெர்வின் வேலை பார்த்த நிறுவனம் போல்ட் பெரானெக் அண்ட் நியூமன், சுருக்கமாக பி.பி.என். 1948-இல் ஒலியியல் ஆலோசனைக்காகத் தொடங்கியது. அதே பி.பி.என்.தான் 1969-இல் அர்ப்பாநெட்டின் ஐ.எம்.பி. என்ற கணினிகளைக் கட்டியது, அதாவது இன்டர்நெட்டின் முதல் ரவுட்டர்களை. இருபது வருடமாக நெட்வொர்க்கிங் கோடு எழுதுகிறேன், என் கார் கதவுக்குள் ஒட்டியிருப்பதும் அதே வீட்டுச் சரக்கு என்று தெரியவே தெரியாது.

இதுவரை சொன்னது அதிர்வைக் கொல்ல நினைத்தவர்கள் கதை. அதிர்வை விரும்பியவர்கள் கதைதான் சுவாரசியம்.

சின்னப் பெட்டிக்குள் பெரிய பேஸ் என்பது முதலில் சாத்தியமே இல்லாமல் இருந்தது. 1954-இல் எட்கர் வில்ச்சர் காற்றுப்புகாத சின்னப் பெட்டிக்குள் ஸ்பீக்கரை அடைத்து, உள்ளே சிக்கிய காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தினார். அதற்குப் பிறகுதான் டிக்கியில் அடங்கும் அளவு பெட்டியைப் பற்றி யோசிக்கவே முடிந்தது. 1973-இல் அரிசோனாவில் ஜிம் ஃபாஸ்கேட் கார்களுக்கென்று ஆம்ப்ளிஃபையர் நிறுவனம் தொடங்கினார். ஆக, சாமான் தயார்.

உடம்பால் கேட்பது என்ற ஆசையைப் பொதுமக்களுக்குக் காட்டியது சினிமா. 1974-இல் வந்த 'எர்த்குவேக்' படத்துக்காக யுனிவர்சல் நிறுவனம் சென்சரவுண்ட் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பூகம்பக் காட்சி வந்ததும் தியேட்டரில் வைத்த ராட்சத ஸ்பீக்கர்கள் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே உறும ஆரம்பிக்கும். ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில் கூரைக் காரை உதிர்ந்துவிடுமோ என்று தலைக்கு மேலே வலை கட்டினார்கள். பல திரைகள் உள்ள தியேட்டர்களில் பக்கத்து அரங்கில் 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் இலவசமாக பூகம்பம் கிடைத்தது. படிக்கும்போது சிரித்தேன். பக்கத்து அரங்கு என்ற அந்த விவரத்தை அன்றைக்கே நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பே ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத் தெருக்களில், 1950-களிலிருந்தே, அலமாரி உயர ஸ்பீக்கர்களை அடுக்கிவைத்து இசைத்தட்டு ஓட்டும் 'சவுண்ட் சிஸ்டம்' கலாச்சாரம் இருந்தது. டியூக் ரீட், காக்ஸோன் டாட் என்று ஆளுக்கொரு செட். யாருடைய பேஸ் அடுத்த தெருவைத் தூக்குகிறதோ அவர்களிடம் கூட்டம் போகும். நம் ஊர்த் திருவிழாவில் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் போட்டி போடுவதை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். ஜமைக்காவிலிருந்து மயாமி கடல் தாண்டினால் வந்துவிடும் தூரம். குடியேறியவர்களோடு அந்தப் பழக்கமும் வந்தது. 1980-களில் மயாமியின் பூங்காக்களிலும் ஸ்கேட்டிங் அரங்குகளிலும் டி.ஜே. குழுக்கள் பெரிய ஸ்பீக்கர்களோடு சுற்றின.

அதே சமயம் ஜப்பானிலிருந்து ஒரு தோற்றுப்போன பெட்டி வந்தது. ரோலண்ட் நிறுவனத்தின் டி.ஆர்-808. 1980-இல் வெளியாகி, 1983-இல் தயாரிப்பு நின்றுவிட்டது. மொத்தம் சுமார் 12,000 பெட்டிகள்தான். ஸ்டுடியோக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை, நிஜ டிரம் மாதிரி இல்லையே. உண்மைதான். அதன் பேஸ் டிரம் என்பது ஒரு சின்ன ஆஸிலேட்டர் சர்க்யூட். தட்டிவிட்டால் 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு சைன் அலை மெல்லத் தேய்ந்துகொண்டே போகும். டிகே என்று எழுதியிருக்கும் குமிழைத் திருகினால் அந்த 'பூம்' இன்னும் நீளும். விலை விழுந்து செகண்ட் ஹேண்ட் கடைக்கு வந்த அந்தப் பெட்டியைக் காசில்லாத இளைஞர்கள் வாங்கினார்கள். 1982-இல் ஆஃப்ரிகா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்' அதை நியூயார்க்கில் பிரபலப்படுத்தியது. மயாமி அந்த பூமை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு தனி இசையையே கட்டியது: மயாமி பேஸ்.

உலகத்துக்குத் தெரிந்த மயாமி பேஸ் 2 லைவ் க்ரூ. அவர்களுடைய 1989 ஆல்பத்தை ஆபாசம் என்று ஒரு நீதிமன்றம் சொல்ல, 1992-இல் மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பேஸைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் இந்த வழக்கில் போய் விழுந்துவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. இந்த இசை எந்த இடத்தில் கேட்பதற்காகச் செய்யப்பட்டது? கிளப்புக்காக மட்டும் அல்ல, வீட்டு ஹாலுக்காக நிச்சயமாக அல்ல. காருக்காக. டெக்மாஸ்டர் பி.இ.பி. என்ற பெயரில் 1991-இல் வந்த 'பேஸ் கம்ப்யூட்டர்' மாதிரி ஆல்பங்களில் பாடல் என்று பெரிதாக எதுவும் கிடையாது. உங்கள் ஸ்பீக்கர் எவ்வளவு கீழே போகும் என்று பார்ப்பதற்கான கேசட்டுகள் அவை.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். 808-இன் அந்த நீண்ட பூம் 50 ஹெர்ட்ஸ் சுற்றி. காருக்குள் காற்று மொத்தமாக அழுந்தும் எல்லை அதே பக்கம். பெரிய கூரைத் தகடுகள் தாமாக ஆட விரும்பும் அதிர்வெண்களும் ஏறக்குறைய அதே பக்கம்தான். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஒரு தோற்றுப்போன பெட்டியும் 1935-இன் கூரையும் ஒன்றுக்கொன்று அளவெடுத்த மாதிரிப் பொருந்திவிட்டன. தெருவில் போகிறவர்களுக்குப் பாட்டு வருவதற்கு முன்னால் டிக்கி மூடியின் சடசடப்பு வந்தது. ஓட்டுகிறவர்களும் அதைக் குறையாக நினைக்கவில்லை. 'நான் வர்றேன்' என்று அந்தத் தகடுதான் சொல்லிக்கொண்டு முன்னால் போனது.

பிறகு இதற்குப் போட்டி வந்தது. காருக்குள் மைக் வைத்து, யாருக்கு டெசிபெல் அதிகம் என்று அளப்பார்கள். வேய்ன் ஹாரிஸ் தொடங்கிய டி.பி. டிராக் ரேசிங் இதை ஒழுங்கான விளையாட்டாகவே ஆக்கியது. நான் எதிர்பார்க்காத திருப்பம் இங்கேதான். இந்தப் போட்டி வண்டிகள் எல்லாவற்றையும்விட அதிகமாக ஆடும் என்றுதானே நினைப்போம்? தலைகீழ். ஜெயிக்கிற வண்டி ஆடவே ஆடாது.

காரணம் எளிது. கூரை வெளிப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் பிதுங்கினால் உள்ளே அழுத்தம் அந்த அளவுக்குக் குறைகிறது. தகடு ஆடுவது என்றால் நீங்கள் காசு கொடுத்து உண்டாக்கிய ஒலியைத் தகடு தின்கிறது என்று அர்த்தம். எனவே பெரிய வகுப்பில் போட்டியிட்டவர்கள் கதவுகளுக்குள் கான்கிரீட் ஊற்றினார்கள். முன்கண்ணாடிக்குப் பதிலாகத் தடித்த கண்ணாடியைப் போட்டார்கள், கதவை போல்ட் போட்டு இறுக்கினார்கள். 180 டெசிபெல் பக்கம் போய்விட்டால் நான் மேலே போட்ட அதே கணக்கில் கூரைக்கு 4 டன். அந்த வண்டிக்குள் ஆள் உட்கார முடியாது, வெளியே நின்று ரிமோட்டில்தான் இயக்குவார்கள். ஓட்டுவது பாட்டும் கிடையாது, சில நொடி ஒற்றைச் சுரம். வண்டி ரோட்டில் ஓடவும் ஓடாது. பாட்டு இல்லை, ஆள் இல்லை, பயணம் இல்லை. அதை இன்னும் கார் ஆடியோ என்று ஏன் சொல்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அதிர்வைப் பற்றி உருப்படியான பாடம் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள்தான்.

சரி, என் வண்டிக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் சைன் அலை உண்டாக்கும் ஆப் ஒன்றைப் போட்டு 20 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றினேன். பையன் வெளியே நின்று எது ஆடுகிறது என்று கை வைத்துச் சொன்னான். 38-இல் நம்பர் பிளேட். 44-இல் பின்னால் பார்சல் ட்ரே. 52-இல் கூரை. 61-இல் டிரைவர் பக்கக் கதவுக்குள்ளே ஏதோ ஒரு கம்பி. கிளாட்னியை நினைத்துக்கொண்டு கூரை மேல் ஒரு கைப்பிடி ரவையைத் தூவினேன். 52 வந்ததும் நடுவில் இருந்த ரவை முழுக்கத் துள்ளி ஓரத்துக்கு ஓடியது. வாட்ச்மேன் அண்ணன் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "சார், எறும்பு வரும் சார்" என்றார். வந்தது.

முதல் தப்பு, கஞ்சத்தனம். ஹார்டுவேர் கடையில் மாடி ஒழுகலுக்கு ஒட்டும் தார் ஷீட் மலிவாகக் கிடைத்தது. ஓபெர்ஸ்டே தார்தானே என்று கதவுக்குள் ஒட்டினேன். சென்னை மே மாதம் அதைப் பார்த்துக்கொண்டது. மூன்றாம் நாள் வண்டிக்குள் ரோடு போடுகிற வாசனை, ஐந்தாம் நாள் ஷீட் வழிந்து கண்ணாடி இறங்கும் இடத்தில் ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுக்க மண்ணெண்ணெயும் ஒரு முழு சனிக்கிழமையும் ஆனது. பிறகு ஒழுங்காக பியூட்டைல் ஷீட் வாங்கினேன். முழுவதும் ஒட்டத் தேவையில்லை. தகட்டின் நடுவில், அதிகம் ஆடும் இடத்தில், கால் பங்கு பரப்பை மூடினாலே பெரும்பாலான பலன் வந்துவிடுகிறது. முழுக்க ஒட்டச் சொல்வது கடைக்காரரின் வியாபாரம். ஒட்டும் முன் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பதும், சின்ன ரோலரால் காற்றுக் குமிழ் இல்லாமல் அழுத்துவதும்தான் முக்கியம். கெர்வினின் கணக்கு, ஒட்டு விட்டுப்போகாதவரைதான் செல்லும்.

நம்பர் பிளேட்டுக்கு ஷீட் உதவாது. அது தகடு அதிர்வது அல்ல, இரண்டு பொருள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வது. பின்னால் நுரை டேப் நான்கு துண்டு, ஐந்து நிமிடம், தீர்ந்தது. பார்சல் ட்ரேக்கும் அதே வைத்தியம். கதவுக்குள் இருந்த கம்பிக்குத் துணி டேப். இந்த சின்ன வேலைகள்தான் சத்தத்தில் முக்கால்வாசியைத் தின்றன.

வண்டி அமைதியானது. கூரையில் விரலை வைத்தால் சொத் சொத் என்று ஒரு மந்தமான சத்தம், பழைய டங் இல்லை. பேஸ் முன்பைவிடத் தெளிவாகவே இருந்தது. போட்டிக்காரர்கள் சொன்னது சரி. இரண்டு நாள் கழித்து டீச்சரம்மாவை பால் பூத்தில் பார்த்தேன். பெருமையாகக் கேட்டேன்.

"சர்ருன்னு வர்ற சத்தம் சுத்தமா போயிடுச்சு தம்பி. ரொம்ப தேங்க்ஸ்." கொஞ்சம் தயங்கினார். "தட்டு மட்டும் இன்னும் ஆடுது."

அன்று இரவு மறுபடி கணக்கோடு உட்கார்ந்தேன். 0.8 மில்லிமீட்டர் எஃகு சதுர மீட்டருக்கு 6 கிலோ சொச்சம். நான் ஒட்டியதையும் சேர்த்தால், ஒட்டிய இடங்களில் மட்டும் 10 கிலோ. 50 ஹெர்ட்ஸ் ஒலி வெளியே போவதைத் தடுக்க வேண்டியது கனம். தோராயமாகப் போட்டால் நான் தடுத்தது அதிகபட்சம் 4 டெசிபெல். தகட்டின் அதிர்வு வேறு, காற்றின் அதிர்வு வேறு. மூன்று மாதம் படித்தும் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சரிசெய்தது எனக்குக் கேட்ட சத்தத்தை. பற்றாக்குறைக்கு எங்கள் பார்க்கிங்கே தாழ்ந்த கூரையும் மூன்று பக்கச் சுவரும் உள்ள ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டி.

ஞாயிறு மதியம் அனுமதி கேட்டு அவர் சமையலறையில் போய் நின்றேன். பையன் கீழே காரில் சுரத்தை ஓட்டினான். 47 ஹெர்ட்ஸில் ஸ்டாண்டிலிருந்த எவர்சில்வர் தட்டுகள் கிணுகிணு என்று பேச ஆரம்பித்தன. ஃபோனில் டெசிபெல் மீட்டரைப் பார்த்தேன்: 41. நம் நாட்டின் 2000-ஆம் வருட ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45. சட்டப்படி நான் நல்லவன்! எப்படி? அந்த அளவு 'ஏ' எடையிட்ட டெசிபெல். மனிதக் காதுக்கு மெல்லிய தாழ்சுரம் சரியாகக் கேட்காது என்று 1933-இல் ஃபிளெட்சரும் மன்ஸனும் காட்டிய வளைகோடுகளை ஒட்டி வந்தது அது. 50 ஹெர்ட்ஸ் வந்தால் மீட்டர் 30 டெசிபெல்லைத் தள்ளுபடி செய்துவிடும். காதுக்கு அது நியாயம். தட்டு ஸ்டாண்டுக்குக் காது கிடையாது. அந்த நேரம் உள் அறையில் சார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "இதுதான், இதுதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ நோய்க்கு டாக்டர் சரியான பெயர் சொன்னதுபோல நிம்மதியாகச் சொன்னார்.

மயாமி இருக்கும் ஃபுளோரிடாவே இதில் இன்றுவரை குழம்பிக்கொண்டிருக்கிறது. அங்கே காரிலிருந்து 25 அடி தூரத்தில் தெளிவாகக் கேட்டாலே அபராதம் என்று ஒரு சட்டம் இருந்தது. வியாபார, அரசியல் விளம்பர வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. 2007-இல் ஜஸ்டின் டிம்பர்லேக் பாட்டோடு போனதற்காகச் சீட்டு வாங்கிய வழக்கறிஞர் ஒருவர் விடாமல் வாதாட, ஓட்டுப் பிரசாரம் காதைக் கிழிக்கலாம், பாட்டு கூடாதா என்ற கேள்வியில் 2012-இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டத்தையே ரத்து செய்தது. 2022 ஜூலையில் புதிய சட்டம், மறுபடி அதே 25 அடி. எனக்கு அந்த வழக்கறிஞர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஆனால் அவருடைய தெருவில் யார் வீட்டுத் தட்டு ஆடியது என்று தீர்ப்பில் இருக்காது.

சப்வூஃபரைக் கழற்றவில்லை, மனசு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் ரிமோட் ஒயரில் டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் போட்டிருக்கிறேன். நாற்பது ரூபாய். தெருமுனை இஸ்திரி வண்டி வந்ததும் அணைத்துவிடுவேன். முன்ஸ்பீக்கரில் மட்டும் பாட்டு வரும், சப்பென்று இருக்கும், கேட்டுக்கு வரும் முன் அதையும் நிறுத்திவிடுகிறேன்.

போன வாரம் லிஃப்டுக்கு முன்னால் டீச்சரம்மா கேட்டார், "என்ன தம்பி, இப்பல்லாம் நைட் ஷிஃப்ட் இல்லையா?"